ஒடிந்த காலோடு ஓடியது

கால் எலும்பு இரண்டும் ஒடிந்து கிடக்கும் ஒருத்தி, குழந்தையின் குரல் கேட்டால் எழுந்து ஓடலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. என் கால் ஒடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், எங்கள் தெருவில் நடந்ததுபோல நீங்களும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். டிப்ளமோ முடித்தவள். லைனின் கடைசி மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வயரும் அதனதன் இடத்தில் செருகியிருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. ஒருமுறை பார்த்ததை இன்னொரு முறை பார்ப்பேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். கேஸை மூடினேனா, குளிப்பாட்டும்போது பாப்பா காதில் தண்ணீர் போயிருக்குமா என்று வீட்டிலும் அதையே செய்கிறேன். அதற்குத் திட்டுதான் கிடைக்கிறது.

பாப்பாவுக்கு ஒரு வயது ஆகப் போகிறது. தொழிற்சாலைக்குள்ளேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள க்ரீச் இருக்கிறது. என் லைனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவரும் சின்ன நடைபாதையும்தான். டீ இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பால் கொடுப்பேன். அவள் வயிறு நிறைந்து என் அடையாள அட்டையின் கயிற்றைச் சப்ப ஆரம்பித்ததும் திரும்பி ஓடிவருவேன். பாட்டில் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த டீ இடைவேளையை நம்பித்தான் நான் வேலைக்கே திரும்ப வந்தேன்.

வருடா வருடம் தீ விபத்து ஒத்திகை நடக்கும். சைரன் அடிக்கும், வரிசையாக வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்போம், கொஞ்சம் ஊர்க்கதை பேசிவிட்டு உள்ளே வருவோம். இந்த வருடம் பாதுகாப்பு அதிகாரி, பூகம்ப ஒத்திகை என்று சொல்லிவிட்டார். அவர் தூத்துக்குடிப் பக்கம். எதையும் சிரிக்காமல் சொல்வார்.

கேன்டீன் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "பூகம்பமா? இங்க இன்னா சார் பூகம்பம். செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்து வுட்டா தண்ணி வரும். அதுக்கு வெச்சாலும் ஒரு அர்த்தம் கீது."

"தண்ணி வந்தா லீவு விட்டுருவோம்லா. பூமி ஆடுனா லீவு விட நேரம் கெடைக்காதுக்கா" என்றார் அதிகாரி.

அடிபட்டவர்களாக நடிக்க எங்களில் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் கம்பெனிக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் தனியார் மருத்துவமனையும் இதில் சேர்ந்துகொண்டது. பூகம்பத்தில் பிழைத்து வருபவர்களுக்குக் கை கால் காயம்தான் அதிகம் இருக்கும் என்று அவர்கள் சொன்னார்களாம். அதனால் எங்கள் எல்லோருக்கும் கையோ காலோ மட்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை. "வலது முன்கை முறிவு." "கணுக்கால் நசுங்கல்." பேக்கிங்கில் இருக்கும் என் தோழிக்குக் கணுக்கால்தான் வந்தது. புதுக் கொலுசு போட்டிருக்கிறேன், கழற்ற மாட்டேன் என்று சொல்லி யாரிடமோ கெஞ்சி அதைத் தோள்பட்டை நழுவலாக மாற்றிக்கொண்டாள். எனக்கு வந்தது, "வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. எழுந்து நிற்க இயலாது."

கொடுத்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வியாதி. முந்தின நாள் சாயங்காலம், சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் முடித்து வந்த கணவர் எதிரில், சமையலறைத் தரையில் படுத்துக் கத்திக் காட்டினேன்.

அவர் டீயைக் குடித்தபடி சொன்னார். "இது கால் ஒடிஞ்ச கத்தல் இல்லியே. பல்லு வலி மாதிரி கீது."

மறுபடி கத்தினேன்.

"இப்ப, பஸ்ஸ வுட்டுட்ட மாதிரி கீது."

பாப்பா இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து, தவழ்ந்து வந்து என் பக்கத்தில் மல்லாந்து படுத்து வீல் என்று கத்தினாள். அவள் கத்தலே சரியான கத்தல் என்று முடிவானது. அடுத்த அரை மணி நேரம் அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை, ரத்தத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அதிகாரி சிவப்புச் சாயம் வாங்கி வரச் சொன்னார். கேன்டீன் அக்கா அவரைப் பாவமாகப் பார்த்தார். "கலர் பொடி எதுக்கு சார், தோலு எரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் போதும்." ஒரு வாளி நிறையக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். என் கல்யாணத்தன்று வாசலில் சுற்றிக் கொட்டிய அதே ஆரத்திச் சிவப்பு. முழங்காலிலிருந்து பாதம் வரை எனக்குத் தாராளமாக ஊற்றினார்.

"எனக்கு வேணாங்கா, எனக்குத் தோள்பட்டைதான் நழுவிச்சு. ரத்தமே வராது" என்றாள் தோழி.

"வந்தா நல்லாருக்கும்மே" என்று அவளுக்கும் ஒரு கரண்டி.

சைரன் அடித்தது. மற்றவர்கள் மேசைக்கு அடியில் புகுந்து மேசைக்காலைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் அவரவர் இடத்தில் விழுந்தோம். எனக்குக் கொடுத்த இடம் நடைபாதைச் சுவரோரம். காலி அட்டைப்பெட்டிகளை என் கால்மேல் அடுக்கி, இவை கான்கிரீட் துண்டுகள் என்றார்கள். பக்கத்தில் தோழி கண்ணை மூடிக்கொண்டு, "மாதாவே, சிரிப்பு வராம காப்பாத்து, மாதாவே" என்று முணுமுணுத்தாள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. என் வயிறு குலுங்க, பெட்டிகள் குலுங்கின. அதைப் பார்த்து யாரோ மேசைக்கு அடியிலிருந்து, "பின்னதிர்வு வருதுடீ" என்றாள். ஒரு வரிசை மேசைகளே சிரித்தன. அதிகாரி ஒரு பேனாவால் தட்டி எல்லோரையும் அடக்கினார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் வீல் என்று ஒரு சத்தம்.

என் பாப்பாவின் குரல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் பிறகு நான் எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. பெட்டிகள் நாலாபக்கமும் பறந்தன. கழுத்து அட்டை எதிலோ மாட்டி அறுந்தது. கால் எலும்பு இரண்டும் ஒடிந்த நான், நடைபாதையைத் தாண்டி, க்ரீச் கதவைத் தாண்டி, பின்வாசல் வழியாக மரத்தடிக்குப் பாய்ந்தேன்.

அங்கே குழந்தைகள் எல்லோரும் ஒரு வண்டியில் இருந்தார்கள். நாங்கள் வயர் கட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும் கம்பிக் கூண்டு வண்டி. உள்ளே பஞ்சு மெத்தை போட்டு, அவசரத்துக்குக் குழந்தைகளை ஏற்றித் தள்ள வைத்திருந்தார்கள். க்ரீச் ஆயா தள்ளத் தள்ள, வண்டி கல்லில் ஏறிக் குதிக்கும் ஒவ்வொரு முறையும் குழந்தைகள் வீல் என்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேரில் வரும் சாமி போல என் மகள். ஈறு முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு.

என்னைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. உதடு கோணியது. பிறகு அழுதாள் பாருங்கள், அவ்வளவு பெரிய அழுகையை அவள் பிறந்தபோதுகூட அழவில்லை. அவளைப் பார்த்து வண்டியில் இருந்த மற்றக் குழந்தைகளும் அழ ஆரம்பித்தன.

"இன்னாம்மே இது, ரத்தத்தோட வந்து நிக்கற" என்றார் ஆயா. "கொயந்த நல்லா சிரிச்சினு வந்துச்சி, வண்டி சவாரி. ஒன்னப் பாத்துதான் இப்ப அய்வுது. போ, போய்ப் படு."

பின்னால் அதிகாரி வந்துவிட்டார். கையில் கடிகாரம். "என்ன மேடம், ரெண்டு எலும்பும் ஒடிஞ்சு கெடக்கு, நீங்க பாட்டுக்கு ஓடுதீங்க?"

"சாரி சார்."

"குழந்தைங்கள வெளிய கொண்டுவர்றதுக்கு ஆள் இருக்கு. நீங்க எல்லாம் அந்த வழியில ஓடுனீங்கன்னா வண்டி எப்படி வரும்? உள்ள போறவங்களும் வெளிய வர்றவங்களும் கதவுலயே முட்டிக்கிட்டு நிக்கவா?"

அவர் சொன்னது சரிதான். நான் திரும்பிப் போனேன். பெட்டிகளை நானே பொறுக்கி என் கால்மேல் அடுக்கிக்கொண்டு படுத்தேன். இந்தமுறை சிரிப்பு வரவில்லை. சுவருக்கு அப்பால் அவள் இன்னும் அழுவது கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் எங்களைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கேன்டீன் அக்கா வாளியில் மிச்சமிருந்த ரத்தத்தைத் தட்டில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்தார். "இருங்கப்பா, எல்லாரும் பாத்துட்டாங்க, கண்ணு பட்டுடும்." பூகம்பத்தில் அடிபட்ட எங்களை ஆம்புலன்ஸ் வாசலில் நிறுத்தி மூன்று சுற்றுச் சுற்றிக் கொட்டினார். இது மீட்பு நேரத்தில் கணக்காகுமா என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து யோசித்ததை நான் கவனித்தேன்.

போகிற வழியெல்லாம் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் அழுதுகொண்டே வந்தேன். பால் கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. உடம்புக்கு அது தெரியும், ஒத்திகை என்று சொன்னால் கேட்காது. துப்பட்டாவை இரண்டு மடிப்பாகப் போட்டுக்கொண்டேன்.

மருத்துவமனையில் ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், எங்களைப் பிரித்தாள். சிரித்தவர்களை எல்லாம் இடது பக்கப் பெஞ்சில் உட்காரவைத்தாள். அவர்கள் கழுத்தில் அட்டையும் இருந்தது. அட்டையும் இல்லாமல், தேம்பித் தேம்பி அழுதுகொண்டு, கால் முழுக்கச் சிவப்பாக வந்தவள் நான் ஒருத்திதான். வலது பக்கம், திரைக்குப் பின்னால், கட்டிலில் படுக்கவைத்தாள்.

"அழாதீங்கம்மா. எங்க வலிக்குது?"

மருத்துவமனையில் என்ன கேட்டாலும் அட்டையில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும், நடிப்பை விடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். "வலது கால். முட்டிக்குக் கீழ. ரெண்டு எலும்பும்" என்றேன்.

ஒரு நோயாளி இவ்வளவு தெளிவாகச் சொல்வது அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்வரை கால் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, நனைத்த மாவுக்கட்டுத் துணியை அடுக்கடுக்காகத் தொடையிலிருந்து பாதம் வரை பின்பக்கம் வைத்து, மேலே கட்டுத்துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். முதலில் சில்லென்று இருந்தது. பிறகு மெல்லச் சூடு ஏறியது, யாரோ இஸ்திரி போட்ட துணியைக் காலில் சுற்றியதுபோல. இது ஒத்திகைக்குக் கொஞ்சம் அதிகமோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் அவ்வளவு அக்கறையாகச் செய்கிறாள். நான் வாயைத் திறந்து கெடுத்துவிட்டால்? ஏற்கெனவே ஒருமுறை கெடுத்தாகிவிட்டது. கெட்டியாகும்வரை பேசாமல் இருந்தேன்.

எலும்பு டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். நரைத்த தலை. என் காலைப் பார்த்தார், குனிந்தார், மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா இது, ரத்தத்துல கல்யாண வாசனை வருது?"

"மஞ்சள் சார்" என்றேன். "மஞ்சளும் சுண்ணாம்பும்."

பயிற்சி டாக்டரின் முகம் நிஜமாகவே ஆரத்தி நிறத்துக்குப் போனது. "காயம் எங்கன்னு தேடினேன் சார். உள்ளுக்குள்ள இருக்கும்னு..." இடது பக்கப் பெஞ்சிலிருந்து என் தோழி சிரித்த சிரிப்பில், தோள் நழுவிய கையைத் தலைக்குமேல் தூக்கிக் கைதட்டினாள். கடைசியில் அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க கண்ணீர் வேறு வந்துகொண்டிருந்தது. எது எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் கத்தரிக்கோலை எடுத்து, கட்டைக் கத்தரிக்கக் குனிந்தார். நான் கேட்டுவிட்டேன்.

"சார், ஒடிஞ்ச காலோட நான் ஓடினது தப்புன்னு எங்க ஆபீசர் சொல்றார். நிஜமா ஒடிஞ்சிருந்தா ஓட முடியுமா?"

அவர் கத்தரிக்கோலை அப்படியே பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இளம் வயதில், வடக்கே ஒரு மலையூரில் பூகம்பம் வந்தபோது அங்கே வேலை பார்க்கப் போயிருந்தாராம். ஆஸ்பத்திரி நடையெல்லாம் கையும் காலும்தான் என்றார். தலையிலும் நெஞ்சிலும் பலமாக அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரி வரை வந்து சேர்வதில்லை. எழுதிவைக்கக் காகிதம் இல்லாததால், எந்த எலும்பு எங்கே ஒடிந்தது என்று மாவுக்கட்டின் மேலேயே பேனாவால் படம் வரைந்துவிடுவார்களாம்.

"அங்க ஒரு அம்மா. வீட்ட விட்டு வெளிய வந்துட்டாங்க. புள்ளயக் காணோம்னு மறுபடி உள்ள போனாங்க. சுவர் கால்மேல விழுந்துச்சு. அந்தக் காலோட கொஞ்ச தூரம் ஓடியும் இருக்காங்க. எப்படின்னு எனக்குத் தெரியல. மருத்துவப்படி முடியாது. ஆனா ஓடியிருக்காங்க."

"புள்ள?"

"புள்ளய முன்னாடியே பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிட்டு வெளிய வந்துட்டாங்க. அது இவங்களுக்குத் தெரியாது."

"அப்ப ஓடினது தப்புதானே சார்?"

"காலப் பார்த்தா தப்பு. சரியாகி நடந்தாங்க, ஆனா ஒரு கால் கொஞ்சம் குட்டையாப் போச்சு. புள்ள எப்பவும் அவங்க கட்டில்லயே உக்காந்து அந்தக் கட்டுமேல கிறுக்கிட்டு இருக்கும். நான் வரைஞ்ச எலும்பு எது, அது வரைஞ்சது எதுன்னு தெரியாது." சிரித்தார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க தூக்காம இருந்திருந்தா சார்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நிஜமாகவே கையை உடைத்துக்கொண்ட ஒருவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள். டாக்டரும் அந்தப் பெண்ணும் ஓடினார்கள். எங்களைத் திரும்ப அழைத்துப்போக வந்த கம்பெனி பஸ்ஸும் வெளியே ஹாரன் அடித்தது. கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்தால் பஸ் போய்விடும். "வீட்டுல வெட்டிக்கலாமா சார்?" என்று கத்திக் கேட்டேன். "வெறும் கட்டுத்துணிதான், தாராளமா" என்று போகிற போக்கில் சொன்னார். தோழியின் நழுவிய தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பஸ் ஏறினேன். கால் மடங்காததால் எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டேன். ஏறியவர்கள் எல்லோரும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

க்ரீச்சில் பாப்பா, அழுகை முடிந்து, யாரோ கொடுத்த இட்லியைத் தலையில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி உதடு கோணுமோ என்று பயந்தேன். அவள் பார்வை காலுக்குப் போனது. ஸ்பூனை எடுத்து மாவுக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். டொக். அவளுக்கு அது பிடித்துவிட்டது. பால் குடிக்கும்போதும் விடவில்லை, குடித்தபடியே டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணவர் என்னை வண்டியிலிருந்து இறக்குவதைத் தெருவே பார்த்தது. கத்தரிக்கோலைத் தேடி எடுப்பதற்குள் எதிர்வீட்டம்மா ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். எல்லாம் பொய், ஒத்திகை என்று விளக்கினேன். முகம் வாடியது. "அப்ப ஒண்ணும் ஆவலியா?" என்றார். "செரி, ஆரஞ்சுப் பயம் வாங்கினது வாங்கினதுதான், வெச்சிக்க. திருப்பி எடுத்துனு போனா நல்லாருக்காது."

கட்டைக் கத்தரிக்கும்போது கணவர் கேட்டார். "டாக்டரே நம்பற அளவுக்கு அழுதியாமே. அத நேத்து செஞ்சு காட்டியிருக்கலாம்ல?"

"நேத்து பாப்பா பக்கத்துலயே இருந்தா" என்றேன். அவர் மீதிக் கட்டையும் கத்தரித்து எடுத்தார். கழற்றிய மாவுக்கட்டு இப்போதும் பாப்பாவின் விளையாட்டுச் சாமான்களோடு கிடக்கிறது.

இரண்டு நாள் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டம். அடுத்த ஒத்திகையை முன்கூட்டிச் சொல்லாமல் வைக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால், க்ரீச்சில் குழந்தை உள்ள தாய்மார்களின் கூட்டம் ஒன்று, வருகிற திங்கட்கிழமை. "சைரன் அடிச்சா க்ரீச் பக்கம் ஓட மாட்டேன்னு எல்லாரும் சொல்லணும் மேடம். உங்களால சொல்ல முடியாதுன்னா தப்பில்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெண்டாவது ஷெட்டுக்கு மாத்தித் தாரேன். அங்கன சத்தம் கேக்காது. தப்பா நெனைக்காதீங்க, அந்த வண்டிக்கு வழி வேணும். உங்க பிள்ளையும் அதுலதான வருது."

அந்த ஷெட்டிலிருந்து டீ இடைவேளைக்குள் க்ரீச்சுக்குப் போய்த் திரும்ப முடியாது. பாப்பாவுக்குப் பகலில் பால் நிற்கும். இங்கேயே இருக்க வேண்டும் என்றால், ஓட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்வது சுலபம்தான். மற்ற அம்மாக்கள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்று தோழி சொல்கிறாள். "சும்மா சொல்லிட்டு வாடி, யாரு பூகம்பத்த பாத்தா" என்கிறாள். ஆனால் நான் சோதனை மேசையில் உட்காருகிறவள். சரியில்லாத ஒன்றைச் சரி என்று தாண்டவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வீல் சத்தம் மறுபடி கேட்டால் அது சிரிப்பா அழுகையா என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கு எப்படித் தெரியும்? ஆயா நல்லவர், வண்டி நன்றாக ஓடுகிறது, நான் போனதால்தான் அவள் அழுதாள். எல்லாம் தெரிந்தும் என் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால் உங்களைக் கேட்கிறேன். வேலை செய்யும் இடத்தில் குழந்தையை விட்டிருக்கும் அம்மாக்கள், அப்பாக்கள், க்ரீச்சில் மற்றவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள், நிஜமாகவே பூமி ஆடியதைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், திங்கட்கிழமை நான் என்ன சொல்லட்டும் என்று எழுதுங்கள். ஓடாமல் நிற்பதை உங்களில் யாராவது பழகியிருந்தால், எப்படிப் பழகினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆரஞ்சு மட்டும் வேண்டாம், இன்னும் தீரவில்லை.